நடுவில் இருந்த மூன்று கட்டைகள்

போன வாரம் லோகேஸ்வரனை ரெசின் டின்னும் கையுமாக நிற்க வைத்துவிட்டு வந்தோம். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்த்தால் டின் இன்னும் திறந்தபாடில்லை. அவனைச் சொல்லிக் குற்றமில்லை. காஹாங்கில் ஆறு நாளாக விடாத மழை. ஈரக் காற்றில் கலக்கினால் பைபரை ஒட்டும் ரெசின் சரியாக இறுகாது. ஞாயிற்றுக்கிழமை காலையில்தான் வானம் வெளுத்தது.

கடல் ஒரு மணி நேரத் தூரத்தில் இருக்க, எண்ணெய்ச் செம்பனைக் காட்டுக்கு நடுவே வீட்டுக் கொல்லையில் படகை வைத்துக்கொண்டு ஒருவன் என்னதான் செய்கிறான் என்று ஊரில் கேட்காத ஆள் இல்லை. இருபத்து நாலடி நீளப் பழைய பைபர் படகு. பாசிர் கூடாங் படகுப் பட்டறையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தவன் லோகேஸ்வரன். செடிலியில் ஒரு தூண்டில் சங்கத்தார் கழித்துப் போட்டிருந்த இந்தப் படகை லாரியில் ஏற்றிக்கொண்டு வந்த கையோடு அந்த வேலையையும் விட்டுவிட்டான்.

மெர்சிங்கில் தூண்டில்காரர்களைக் கடலுக்கு அழைத்துப் போகும் ஹாரூன் பாய் ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். மழைக்காலம் முடிந்து மார்ச் முதல் வாரம் படகுகள் கடலில் இறங்கும். அப்போது படகோடு வந்து நின்றால் அவருடைய கூட்டத்தில் இவனுக்கு ஓர் இடம் உண்டு. அந்த இடம் போனால், பட்டறைக்கு முன்னால் இருந்த சிங்கப்பூர் வேலைதான் மறுபடியும், மறுபடியும் எட்டுப் பேர் படுக்கும் அறை. நாற்பத்தொரு வயதில் அந்த அறைக்குத் திரும்பிப் போக அவனுக்குத் தெம்பில்லை.

அக்டோபரில் தொடங்கிய வேலை. நவம்பர் கடைசியில் அவனுடைய அம்மா தனலெட்சுமி சமையல்கட்டில் மயங்கி விழுந்தாள். மூன்றாம் நாள் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு லோகேஸ்வரன் எப்படி இருக்கிறான் என்று கேட்டால், நன்றாகத்தான் இருக்கிறான். சாப்பிடுகிறான், தூங்குகிறான், காலை எட்டு மணிக்குக் கைகளில் முகப்பவுடரை அப்பிக்கொண்டு படகுக்குள் இறங்குகிறான். பவுடர் அழகுக்கல்ல, பைபர் தூசி தோலில் ஏறினால் ராத்திரி முழுக்க அரிக்கும். அழவில்லை. அழ வேண்டும் என்று தோன்றவும் இல்லை. பல் பிடுங்குமுன் ஊசி போட்ட கன்னம் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அவனுக்கு உடம்பு முழுவதும்.

இந்த வருஷம் வீட்டில் பொங்கல் இல்லை. இல்லை என்பதுகூட அவனுக்குப் பக்கத்து வீட்டுக்காரர் சொல்லித்தான் தெரிந்தது.

இன்றைக்குப் பெரிய வேலை. வீட்டுக்கு உத்திரம் எப்படியோ, பைபர் படகுக்கு ஸ்ட்ரிங்கர் அப்படி. படகின் அடிவயிற்றில் முன்னிருந்து பின்வரை நீளமாக ஓடும் இரண்டு கட்டைகள். அவற்றின் மேல்தான் தளம், தளத்தின் மேல்தான் மற்றதெல்லாம். தளத்தை அறுத்துத் திறந்தபோது பழைய கட்டைகள் இரண்டும் கறுத்து, தேநீரில் நனைத்த பிஸ்கட் கணக்கில் கையோடு வந்தன. ஒன்றை எடுத்துப் புதிது போட்ட பிறகுதான் அடுத்ததில் கை வைக்க வேண்டும் என்பது பட்டறை விதி. இரண்டுமே மக்கிப் போயிருந்ததால் அவன் இரண்டையும் எடுத்துவிட்டான். ஸ்ட்ரிங்கர் இல்லாத படகு வெறும் ஓடு. அடியில் தாங்கல் இல்லாத இடத்தில் வளைந்து தொங்கிவிடும். அதனால் வயிற்றின் வளைவுக்கு அளவாகச் செதுக்கிய ஐந்து கெம்பாஸ் மரக் கட்டைகளை அடியில் குறுக்கே போட்டு, அந்தத் தொட்டிலில் படகை உட்கார வைத்திருந்தான்.

அம்மா விழுவதற்கு முந்தைய வாரமே படகின் அடிக்கு ஏற்ற அளவு அட்டைகள் வெட்டிவிட்டான். அந்த அளவுக்கு மூன்று வாரமாகப் பிளைவுட்டை ஒட்டி, அறுத்து, இழைத்துப் புதிய ஸ்ட்ரிங்கர் இரண்டும் தயார்.

முதல் ஸ்ட்ரிங்கரைத் தூக்கி உள்ளே வைத்தான். முன்னால் உட்கார்ந்தது. பின்னால் உட்கார்ந்தது. நடுவில் உட்காரவில்லை. கட்டைக்கும் படகின் அடிக்கும் இடையே இரண்டு விரல் நுழைந்தது.

எடுத்துவிட்டு மறுபடி வைத்தான். அதே இரண்டு விரல். அட்டையைக் கட்டையின் மேல் வைத்துப் பார்த்தான். மயிரிழை பிசகில்லை. இரண்டாவது கட்டையை வைத்தான். அங்கேயும் இரண்டு விரல்.

"சரி, பசை வச்சு அடச்சிரலாம்," என்று வாய்விட்டே சொன்னான்.

ரெசினில் அடைப்புப் பவுடரைக் குழைத்தால் இட்லி மாவு பதத்தில் பசை வரும். இடைவெளியில் அப்பிவிட்டு மேலே பைபர் துணியை ஒட்டிவிட்டால் பார்க்கிறவனுக்கு ஒன்றும் தெரியாது. பூசி மெழுகுவது நம்மவர்களுக்குப் புதிதா என்ன? பட்டறையில் இருந்த நாளில் வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் லோகேஸ்வரன் அவன் தலையில் டின்னைக் கவிழ்த்திருப்பான். இன்றைக்கு அவனே பவுடர் பையைத் தேடினான். தவறு என்று அறிவுக்குத் தெரிந்தது. மனசுக்கு ஒன்றும் ஆகவில்லை.

பவுடர் பை படகுக்கு அடியில் இருந்தது. மழைக்காக நீலக் கன்வாஸை நாலு பக்கமும் தரைவரை இழுத்துக் கட்டியிருந்தான். ஏறுவதும் இறங்குவதும் பின்பக்க ஏணியில்தான். அடியில் குனிந்து பார்த்தே பல வாரம் ஆயிற்று. கன்வாஸைத் தூக்கினான்.

ஐந்து கட்டைகளில் முன்னால் ஒன்று இருந்தது, பின்னால் ஒன்று இருந்தது. நடுவில் மூன்றைக் காணோம். தாங்க ஆளில்லாத வயிறு தொங்கிப் போயிருந்தது.

அவன் குந்தியபடியே பார்த்துக்கொண்டிருந்தான். கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. மூன்று கட்டைகள் இல்லை, அவ்வளவுதான் தோன்றியது.

எங்கே போயிருக்கும் என்று யோசிக்க வெகு நேரம் ஆகவில்லை. கொல்லைக் கோடியில் ஜம்பு மரத்தடியில் சாம்பல் குவியல் இருந்தது. அம்மாவின் பதினாறாம் நாள் கருமாதிக்குச் சமைத்த இடம். குச்சியால் கிளறினான். கறுத்துப் போன அரை இன்ச் போல்ட்டுகள் வந்தன. எண்ணினான். துண்டுகளை இணைக்க ஒரு கட்டைக்கு நாலு போல்ட்டு முடுக்கியிருந்தான், ஆகப் பன்னிரண்டு. பன்னிரண்டும் இருந்தன.

அன்றைக்குச் சமையலை ஏற்றுச் செய்தவர் அக்காள் ஷாமளாவின் கணவர் ரூபேந்திரன். தங்காக்கில் துணிக்கடை மேற்பார்வையாளர். லோகேஸ்வரன் போனை எடுத்தான்.

"மாமா, படகுக்கு அடியில இருந்த கட்டைய வெறகா எரிச்சீங்களா?"

"ஆமா மச்சான்," என்றார் ரூபேந்திரன்.

"யார் எடுத்தது?"

"நான்தான் எடுத்தேன். மழையில வெறகு எல்லாம் நனஞ்சு போச்சு. என்ன ஆச்சு மச்சான்?"

"படகு வளைஞ்சு போச்சு," என்றான் லோகேஸ்வரன், மழை நின்றுவிட்டது என்று சொல்கிற குரலில்.

"இன்னிக்கு எப்படியும் உங்க அப்பாவப் பாக்க வரலாம்னு இருந்தோம். ஜாக்கி ஏதும் வேணுமா?"

"ரெண்டு கொண்டாங்க. பெருசா."

*

பதினொரு மணிக்குக் கார் வந்தது. ரூபேந்திரன் டயர் கடையில் கேட்டு வாங்கிய இரண்டு லாரி ஜாக்கிகளைத் தூக்க முடியாமல் தூக்கிக்கொண்டு இறங்கினார். சட்டை சலவை மடிப்புக் கலையாமல் இருந்தது. பின்னால் ஷாமளா ஐந்தடுக்குத் தூக்குச்சட்டியோடு வந்தாள். தம்பியின் முகத்தைப் பார்த்தாள்; அவன் முகத்தில் பார்க்க ஒன்றும் இல்லை.

"அப்பா சாப்டாங்களா?"

"ரொட்டி சாப்டாரு."

அப்பா ஐயாசாமி கொல்லை வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். செம்பனை ஆலையில் முப்பத்தோரு வருஷம் கொதிகலனோடு மல்லுக்கட்டியவர். பெண்டாட்டி போனதிலிருந்து வார்த்தைகளைச் சிக்கனமாகச் செலவழித்தார். மாப்பிள்ளையையும் ஜாக்கியையும் பார்த்துவிட்டு, "ம்" என்றார்.

வேலை ஆரம்பித்தது. முன் கட்டையிலிருந்து பின் கட்டைவரை படகின் அடியில் நூல் பிடித்துக் கட்டினான் லோகேஸ்வரன். நூல் நேராக ஓட வேண்டிய இடத்தில் வயிறு அதன் மேல் படுத்துக்கொண்டு அதைக் கீழே தள்ளியது. அளந்தான். ஒன்றரை இன்ச்.

"ஒன்ற இன்ச்சுதான மச்சான்?" என்றார் ரூபேந்திரன் நம்பிக்கையோடு.

"இதோட ஸ்ட்ரிங்கர ஒட்டினா இந்த வளைவு சாகுற வரைக்கும் போவாது மாமா. வேகம் புடிச்சா மூக்கத் தூக்கித் தூக்கித் தண்ணியில குத்தும். அதுல ஆள ஏத்த முடியாது. ஹாரூன் பாய் மொதல்ல ஓட்டிப் பாப்பாரு. பாத்துட்டு வேணாம்பாரு."

"இப்ப தூக்கிட்டா?"

"தூக்கலாம். ஏழு வாரமா வெயில்லயும் மழையிலயும் வளைஞ்சு கெடந்திருக்கு. திரும்பி வந்தாலும் வரும். இல்ல, விரிசல் விட்டுரும்."

தொங்கிய இடத்துக்கு நேர்கீழே நீளப் பலகை, பலகைக்கு அடியில் ஜாக்கி. ஜாக்கியைக் கால்வாசி மட்டும் திருப்ப வேண்டும், பத்து நிமிஷம் விட வேண்டும், நூலைப் பார்க்க வேண்டும், மறுபடி கால் திருப்பு. அவசரக்காரனுக்கு ஆகாத வேலை. ரூபேந்திரன் சலவைச் சட்டையோடு சேற்றில் மல்லாந்து படுத்து, சொன்னபடி திருப்பினார். கடையில் பட்டுச்சேலையை விரித்துக் காட்டும் கை அது.

"மாமா," என்றான் லோகேஸ்வரன். "நீங்க குடுக்குற சேலையில நடுவுல மூணு முழம் காணாமப் போனா, வாங்குனவங்க சும்மா விடுவாங்களா?"

"விட மாட்டாங்க மச்சான்."

"முதலாளி?"

"அவரும் விட மாட்டாரு. திருப்பவா?"

"திருப்புங்க."

சமையல்கட்டு ஜன்னலில் நின்ற ஷாமளாவுக்கு இது கேட்டது. கையில் இருந்த கரண்டியைத் தொட்டிக்குள் போட்டாள். போட்ட சத்தம் கொல்லைவரை வந்தது.

மதியம் எல்லோரும் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். ஷாமளா கொண்டுவந்த நெத்திலி சம்பல், முருங்கைக்கீரை, ரசம். லோகேஸ்வரன் தட்டைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். ஊருல வெறகே இல்லாத மாதிரி. படகப் பத்தி ஒண்ணும் தெரியாதவங்க அதத் தொடாம இருக்கலாம்ல மாமா? அம்மா சோத்துக்கு என் படகுதான் கெடச்சதா?"

குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் தேவலை. ரூபேந்திரன் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

"டேய்," என்றாள் ஷாமளா.

"ஷாமளா, சும்மா இரு," என்றார் ரூபேந்திரன்.

"எவ்ளோ நேரம் சும்மா இருக்குறது? காலையிலருந்து நாய்ப் பேச்சு பேசுறான், நீங்களும்..."

"சும்மா இருன்னு சொன்னேன்லா."

அப்போது ஐயாசாமி தட்டைக் கீழே வைத்தார்.

"அவர ஏம்ப்பா பேசுற?" என்றார். "கட்டைய எடுத்தது நீ."

லோகேஸ்வரன் நிமிர்ந்து பார்த்தான்.

"என்னப்பா?"

"நீதான்ப்பா எடுத்த. சுத்தியலால தட்டி, ஒண்ணு ஒண்ணா தோள்ல தூக்கிட்டு வந்து போட்ட."

"இல்லப்பா."

"நான் இங்கதான் உக்காந்திருந்தேன்."

ரூபேந்திரன் மெதுவாக எழுந்து கை கழுவப் போனார். மறைத்து வைத்த பொருள் வெளியே வந்துவிட்ட திருடனைப் போல அவர்தான் கூனிக் குறுகிப் போனார்.

பிறகு ஷாமளா சொன்னாள். சோறு காய்ந்த கையோடு, விட்டு விட்டுச் சொன்னாள்.

"குளுவாங்குலருந்து சமைக்க வர வேண்டியவங்க வெள்ளத்துல மாட்டிக்கிட்டாங்க. காலையில ஏழு மணிக்குத்தான் போன் பண்ணி வர முடியாதுன்னாங்க. எரநூறு பேருக்குச் சாப்பாடு. மாமாதான் நானே செய்யறேன்னு அண்டாவ எறக்கினாரு. வெறகு பூரா ஈரம். ஒரே பொகை. கண்ணு ரெண்டும் செவந்து ஊதிக்கிட்டே கெடந்தாரு. நீ வந்து நின்ன. ரொம்ப நேரம் பாத்துக்கிட்டு நின்ன. அப்புறம் போயி சுத்தியல எடுத்த."

"நான் என்ன சொன்னேன்?"

"மாமா வேணாம் மச்சான், வேணாம் மச்சான்னு உன் கையப் புடிச்சாரு. நீ கேக்கல. காய்ஞ்ச மரம் மாமா, நல்லா எரியும்னு சொன்ன. ரெண்டு ஓரமும் இருந்தா போதும், படகு தாங்கும்னு சொன்ன. படகு வேல பாக்குறவன் நீ. நீ சொன்னா நாங்க நம்ப மாட்டமா?"

லோகேஸ்வரன் நினைவுபடுத்திப் பார்த்தான். பதினாறாம் நாள் என்றால் கன்வாஸ் மேல் மழை விழுந்த சத்தம் மட்டும் வந்தது. ஐயர் வந்த முகம் இல்லை, உட்கார்ந்த பாய் இல்லை, பரிமாறிய இலை இல்லை. சுத்தியல் இல்லவே இல்லை. ஒன்பது வருஷம் இந்த வேலை பார்த்த கை, நடுக் கட்டையை உருவினால் என்ன ஆகும் என்று தூக்கத்திலும் சொல்லும். வேலியே போய்ப் பயிரை மேய்ந்திருக்கிறது. மேய்ந்தது வேலிக்கே தெரியவில்லை.

"நீங்க ஏம்ப்பா என்னத் தடுக்கல?" என்று அப்பாவிடம் கேட்டான்.

ஐயாசாமிக்குப் பேச்சு எப்போதும் கீழிருந்து ஏறி வர நேரமாகும்.

"பதினாறு நாளா நீ ஒரு எடத்துல உக்காந்தா உக்காந்தபடியே இருந்த," என்றார். "குளின்னா குளிச்ச. சாப்புடுன்னா சாப்ட்ட. அன்னைக்குத்தான் நீயா எந்திரிச்சு ஒரு வேல செஞ்ச. அதப் போயி எப்படிப்பா தடுக்குறது? படகு கெட்டுப் போவும்னு எனக்குத் தெரியாம இல்ல. போனாப் போவுதுன்னு இருந்துட்டேன்."

லோகேஸ்வரன் எழுந்தான். தண்ணீர்க் குழாயடியில் ரூபேந்திரன் இன்னும் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவ அதில் ஒன்றும் மிச்சமில்லை.

"நீங்க ஏன் மாமா நான்தான்னு சொன்னீங்க?"

"என்ன சொல்றது மச்சான்," என்றார் ரூபேந்திரன், குழாயைப் பார்த்தபடி. "காலையில போன்ல உன் கொரலு... நீ எதுக்கும் அழுவல, எதுக்கும் சிரிக்கல. என்னயத் திட்டவாவது செய்யறியே, திட்டட்டும்னு இருந்துட்டேன்."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று லோகேஸ்வரனுக்குத் தெரிந்தது. வார்த்தைகள்கூட வாய்க்குள் இருந்தன. ஆனால் வருத்தம் இல்லாமல் மன்னிப்புக் கேட்பது பொய் சொல்வதாகும் என்று நினைத்தான்.

"சட்டைய மாத்துங்க மாமா. என்னுது ஒண்ணு தரேன்," என்றான். "நான் ஜாக்கி திருப்புறேன். நீங்க நூலப் பாருங்க."

"சரி மச்சான்," என்றார் அவர். அவருக்கு அது போதுமாக இருந்தது.

*

மதியம் முழுக்கத் திருப்பினார்கள். கால் திருப்பு, பத்து நிமிஷம். கால் திருப்பு, பத்து நிமிஷம். மூன்று மணிக்கு அரை இன்ச் ஏறியது. ஐயாசாமியும் நாற்காலியை விட்டு எழுந்து வந்து, ஏறிய அளவுக்கு ஆப்பு அடித்துக் கொடுத்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

நாலரை மணிக்கு ஒரு இன்ச் ஏறியிருந்தது. அடுத்த கால் திருப்புக்குப் படகின் உள்ளேயிருந்து ஒரு முனகல் வந்தது. காய்ந்த ஓலையை முறிக்கிற சத்தம்.

"அலமாக்," என்று பதறினார் ரூபேந்திரன். "ஒடஞ்சிருச்சா?"

லோகேஸ்வரன் உள்ளே ஏறிப் படுத்து, டார்ச் அடித்து, விரலால் தடவித் தடவிப் பார்த்தான். விரிசல் இல்லை. இன்னும் ஒரு திருப்பு திருப்பினால் இருக்கும். மிச்சம் அரை இன்ச் வரவில்லை.

"இதோட விடுவோம்," என்றான் இறங்கி வந்து. "மூணு நாள் இப்படியே இருக்கட்டும். வெயில்ல சூடாகி, ராத்திரி ஆறி, அதுவா எளகினா உண்டு. பொதன்கெழம பாத்துட்டுத்தான் மறுபடி ஜாக்கியத் தொடணும்."

"வந்துரும் மச்சான்."

"தெரியல மாமா."

ஷாமளா தேத்தண்ணி கொண்டுவந்தாள். கிளம்ப வேண்டிய நேரம். தங்காக் போய்ச் சேர இரண்டு மணி நேரமாவது ஆகும். ஆனால் அவள் நகரவில்லை. லோகேஸ்வரன் ஏணியின் கடைசிப் படியில் உட்கார்ந்து, கையில் குவளையோடு அவளைப் பார்த்தான்.

"அக்கா. அன்னைக்கு நான் வேற என்ன செஞ்சேன்?"

"இப்ப எதுக்குடா அது?"

"கட்டைய எடுத்ததே எனக்குத் தெரியல. வேற என்ன செஞ்சேன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

ஷாமளா புருஷனைப் பார்த்தாள். இந்த முறை அவர் சும்மா இரு என்று சொல்லவில்லை.

"எல்லாருக்கும் எலையில பரிமாறின," என்றாள். "சின்னப் புள்ளைங்களுக்குப் பாயாசம் ரெண்டாவது தடவ ஊத்தின. அம்மா படத்துக்கு மால சரிஞ்சிருந்தது, அதச் சரி பண்ண." முந்தானையில் கையைத் துடைத்தாள். "அப்புறம் ஹாரூன் பாய்க்குப் போன் போட்ட."

"என்ன சொன்னேன்?"

"நான் பக்கத்துலதான் நின்னேன். படகு வராது பாய், வேற ஆளப் பாத்துக்குங்கன்னு சொன்ன. அவ்ளோதான். வச்சிட்ட."

"நீ ஏன் என்கிட்ட சொல்லல?"

"நீ முடிவெடுத்துட்டேன்னு நெனச்சேன்லா. அடுத்த வாரம் பாத்தா மறுபடியும் படகுக்குள்ள எறங்கிட்ட. சரி, அவருகிட்ட பேசி சரி பண்ணிட்டான் போலன்னு இருந்துட்டேன்."

லோகேஸ்வரன் போனை எடுத்துப் பழைய அழைப்புகளை மேலே தள்ளித் தள்ளிப் போனான். டிசம்பரில், அம்மாவின் பதினாறாம் நாள் அன்று, மதியம் இரண்டு மணி பதினோரு நிமிஷம். ஹாரூன் பாய். பேசிய நேரம் நாற்பது விநாடி. அதற்குப் பிறகு அவரிடமிருந்தும் அழைப்பில்லை, இவனிடமிருந்தும் இல்லை. மழைக்காலத்தில் மெர்சிங்கில் என்ன பேச்சு இருக்கப் போகிறது என்று இவன் சும்மா இருந்துவிட்டான்.

மூன்று வாரம் இழைத்த கட்டைகள், காலை முதல் சேற்றில் கிடந்த மாமா, புதன்கிழமை வருமா வராதா என்கிற அரை இன்ச் எல்லாம் எந்த இடத்துக்காகவோ, அந்த இடத்தையே நாற்பது விநாடியில் தூக்கிக் கொடுத்திருக்கிறான்.

அவனுக்குப் பயம் வந்தது. குவளையைப் படியில் வைத்தான். அம்மா போன நாளிலிருந்து அவனுக்கு வந்த முதல் உணர்ச்சி அது. பயம் என்று அடையாளம் காணவே கொஞ்ச நேரம் பிடித்தது.

"பேசு," என்றார் ஐயாசாமி.

"என்னப்பா பேசுறது?"

"இருக்கா, இல்லயான்னு கேளு. வேற என்ன?"

லோகேஸ்வரன் எண்ணை அழுத்தினான். மனசுக்குள் வரிசைப்படுத்திக்கொண்டான். பாய், படகு மார்ச்சுக்கு ரெடியாயிரும். அன்னைக்கு நான் சொன்னத மறந்துருங்க. இடத்த வேற யாருக்கும் குடுத்துட்டீங்களா? மூன்று வாக்கியம்தான்.

மணி நாலு முறை அடித்தது. எடுத்தார்.

"தம்பி, சொல்லுப்பா. எப்படி இருக்கே?"

"பாய்," என்றான் லோகேஸ்வரன்.

"சொல்லு."

"பாய், எங்கம்மா செத்துட்டாங்க."

அவன் சொல்ல நினைத்தது அதுவல்ல. ஷாமளா வாயைப் பொத்திக்கொண்டாள். ஊருக்கெல்லாம் செய்தி சொன்னவள் அவள்தான். தம்பி இந்த வார்த்தையை யாரிடமும் இதுவரை சொன்னதில்லை.

ஹாரூன் பாய்க்குப் பின்னால் கடல்காற்று இரைவது கேட்டது.

"தெரியும் தம்பி. உங்க அக்கா அன்னிக்கே மெசேஜ் போட்டுச்சு," என்றார். "ஆனா நீ போன் பண்ணப்ப படகப் பத்தி மட்டும்தான் சொன்ன. அம்மாவப் பத்தி இப்பதான் சொல்றே."

"ஆமா பாய்."

"எப்படிப்பா ஆச்சு? சொல்லு. நான் சும்மாதான் உக்காந்திருக்கேன்."

லோகேஸ்வரன் சொல்ல வாயைத் திறந்தான். சமையல்கட்டு என்றான். காலையில என்றான். அதற்கு மேல் வரவில்லை. ஏணிப் படியிலிருந்து சரிந்து தரையில் உட்கார்ந்து, பவுடரும் சேறும் அப்பிய கையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். ஐயாசாமி கிட்டே வந்து, குனிய முடியாமல் குனிந்து, அவன் கையிலிருந்து நழுவப் போன போனைப் பிடித்து மறுபடியும் அவன் காதிலேயே வைத்துப் பிடித்துக்கொண்டார்.

மெர்சிங்கில் இடம் இருக்கிறதா, போய்விட்டதா என்று அவன் இன்னும் கேட்கவில்லை. ஹாரூன் பாயும் போனை வைக்கவில்லை.